உடைந்த கிரவுன் யார் கையில்? ஃபோர் வீல் வண்டிகளின் வாரன்டி புத்தகம் பற்றி

புது வண்டி ஒன்று வந்தால் அதன் டச் ஸ்கிரீன் முதல் டிக்கி இடம் வரை விமர்சிக்க நூறு பேர் இருக்கிறார்கள். கூடவே வரும் வாரன்டி புத்தகத்தை விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அதுவும் யாரோ உட்கார்ந்து எழுதிய பிரதிதானே? அதற்கும் ஒரு நடை இருக்கிறது. சொன்னது, சொல்லாமல் விட்டது இரண்டும் இருக்கின்றன. சில மாதங்களாக ஆஃப்ரோடு வண்டிகளின் வாரன்டி வாசகங்களையும், அவற்றோடு தொடர்புள்ள சில வழக்குகளையும் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து தேறியது இது. (படித்தது பி.இ. மெக்கானிக்கல், பிழைப்பு சாஃப்ட்வேரில். நம்மூரில் இது ஒன்றும் அதிசயமான சேர்க்கை இல்லை.)

இப்படிப்பட்ட வண்டியை வாங்குபவனிடம் கம்பெனி மூன்று பிரதிகள் வழியாகப் பேசுகிறது: விளம்பரம், ஓனர்ஸ் மேனுவல், வாரன்டி. மூன்றும் ஒரே கட்டடத்திலிருந்துதான் வருகின்றன. ஆனால் எழுதியவர்கள் ஒருவரையொருவர் கேன்டீனில்கூடப் பார்த்திருக்க மாட்டார்களோ என்று தோன்றும்.

விளம்பரத்தில் வண்டி ஆற்றில் இறங்கும், பாறையில் ஏறும், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். இது வெறும் படம் இல்லை, எண் போட்டுச் சொல்லும் வாக்குறுதி. 2020-ல் வந்த மஹிந்திரா தார் 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும் என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. ஜீப் தன் வண்டியின் பக்கவாட்டில் 'டிரெயில் ரேட்டட்' என்று ஒரு பேட்ஜே ஒட்டுகிறது. பிடிமானம், தரை இடைவெளி, வளைந்து திரும்புவது, சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குவது, தண்ணீரைக் கடப்பது என்று ஐந்து விஷயங்களில் தேறிய வண்டி என்பது அதன் பொருள்.

மூன்றில் எனக்குப் பிடித்தது மேனுவல். அதை எழுதியவர் வண்டியைத் தொட்டவர். தண்ணீரில் மெதுவாக இறங்கு, நடுவில் கியர் மாற்றாதே, வெளியே வந்ததும் பிரேக்கைக் காய வை, ஆழமான தண்ணீர் என்றால் டிஃபரென்ஷியல் ஆயிலைப் பார் என்று அண்ணன் தம்பிக்குச் சொல்வதுபோலச் சொல்கிறார். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டாதே என்றும் எச்சரிக்கிறார். அதாவது, இந்த வண்டியை நீ ஆற்றுக்குக் கொண்டுபோவாய் என்பதை மேனுவல் ஒத்துக்கொள்கிறது.

வாரன்டிக்கு வந்தால் ஆறே காணாமல் போய்விடுகிறது. 'சாதாரணப் பயன்பாடு' என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் மூலப்பொருளிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் பாகத்தை மாற்றித் தருவோம். பந்தயம், ராலி, அதிக பாரம், மாற்றியமைத்தல், தவறான பயன்பாடு, இவையெல்லாம் வெளியே. இதில் 'தவறான பயன்பாடு' மட்டும்தான் என் பிரச்சினை. பந்தயம் என்றால் பந்தயம், எல்லாருக்கும் தெரியும். பாரத்தை எடை போட்டுப் பார்க்கலாம். தவறான பயன்பாட்டுக்கு மட்டும் அளவுகோலே கிடையாது. 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கினால் அது பயன்பாடா, தவறான பயன்பாடா? விளம்பரத்தைக் கேட்டால் ஒரு பதில், வாரன்டியைக் கேட்டால் இன்னொன்று. ஒரு சாதாரண ஹாட்ச்பேக்கில் இந்தச் சிக்கல் அவ்வளவாக எழாது. ஆஃப்ரோடு வண்டியில் மட்டும்தான் எந்தப் பயன்பாட்டைக் காட்டி விற்கிறார்களோ அதே பயன்பாட்டைக் காட்டி மறுக்கவும் முடிகிறது.

ஏன் சண்டை எப்போதும் டிரைவ்டிரெயினில், அதாவது கிளட்ச், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், பிராப்பலர் ஷாஃப்ட், கிரவுன் பினியன், ஆக்சில் என்ற இந்த வரிசையில், வந்து நிற்கிறது? வண்டியின் எல்லாச் சுமையும் அது வழியாகத்தான் தரைக்குப் போகிறது. சேற்றில் சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று ஒரு கல்லைப் பிடித்தால், அந்த நொடியில் பல்சக்கரத்தின் மேல் விழும் அடி, சாலையில் ஒரு வருடம் ஓட்டினாலும் விழாத அடி. பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டிகளில் நடு டிஃபரென்ஷியல் இருக்காது, முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் கொஞ்சம் அதிக தூரம் போகவேண்டும். மண் என்றால் சக்கரம் சறுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த ரோட்டில் சறுக்க வழியில்லாமல் அந்த வித்தியாசம் முழுக்க ஷாஃப்டில் முறுக்காக ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் கதை வேறு. ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் தாழ்வாக இருந்தாலோ அடைத்திருந்தாலோ ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு மாதம் கழித்து டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் பால் கலந்த டீ மாதிரி வரும். பேரிங் அதற்குள் கெட்டிருக்கும்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், உடைந்த இரும்பு பேசும். மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு மூன்றாம் வருட மெட்டலர்ஜி லேப் ஞாபகம் இருக்கலாம். ஒரே அடியில் உடைந்த பல்லின் முறிவு முகம் சொரசொரவென்று, ஒரே மாதிரி இருக்கும். நாள்பட்ட களைப்பில் உடைந்ததில், ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள்போல வரிசையாக வளைகோடுகள் தெரியும். கடைசியில் தாங்கமுடியாமல் அறுந்த சின்னப் பகுதி மட்டும்தான் சொரசொரப்பு. ஆயில் இல்லாமல் ஓடிய கியர் நீலம் பாரித்திருக்கும். கிரவுனும் பினியனும் ஃபேக்டரியில் சரியாக ஷிம் வைத்துப் பொருத்தப்படவில்லை என்றால் பல்லின் நடுவில் விழவேண்டிய தேய்மானத் தடம் ஓரத்தில் விழுந்திருக்கும். ஓட்டியவன் செய்த தப்பா, செய்தவன் செய்த தப்பா என்ற கேள்விக்கு எல்லா நேரமும் இல்லாவிட்டாலும் பல நேரம் பதில் அந்த உலோகத்திலேயே எழுதியிருக்கிறது.

ஆனால் அந்த உலோகம் யார் கையில் இருக்கிறது?

கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் வண்டியில் போன வருடம் முன் டிஃபரென்ஷியல் போனது. வாரன்டி காலம் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்கள், "சார், இது ஆஃப்ரோடு அப்யூஸ், வாரன்டியில வராது." எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு இரண்டு ஆதாரம் சொன்னார்கள். வண்டிக்கு அடியில் செம்மண் ஒட்டியிருந்தது. இன்ஸ்டாகிராமில் அவர் போட்ட ரீல் ஒன்றில் வண்டி ஓடைக்குள் நிற்கிறது. பல்லின் முறிவு முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் நேரில் போனபோது ஹவுசிங் கழுவித் துடைத்து டிரேயில் வைக்கப்பட்டிருந்தது. ஆயிலை ஏற்கெனவே கொட்டியாயிற்று. நல்ல மனதோடுதான் கழுவியிருப்பார்கள், வொர்க்‌ஷாப் வழக்கம் அது. ஆனால் தண்ணீர் கலந்ததா இல்லையா என்பதற்கான ஒரே சாட்சி அந்த ஆயில்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சரியான ஒப்புமை உண்டு. பயனர் பிழை என்று புகார் வருகிறது. லாக் முழுக்க எங்கள் சர்வரில் இருக்கிறது, பயனருக்குப் பார்க்க அனுமதி இல்லை. நாங்களே லாக்கைப் பார்த்து, நாங்களே "யூசர் எரர்" என்று டிக்கெட்டை மூடிவிடுகிறோம். அப்படி மூடப்படும் டிக்கெட்டுகளில் எத்தனை நியாயமானவை என்று எந்த சாஃப்ட்வேர்க்காரனையும் ஒரு டீ வாங்கிக்கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஏற்பாடு புதிதில்லை. 1955 மே மாதம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிளாஸ் ஹென்னிங்சன் என்பவர் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாக ஒரு பிளிமத் கார் வாங்கினார். பத்தே நாளில், 468 மைல் ஓடியிருந்தபோது, மனைவி ஓட்டிக்கொண்டிருக்கையில் ஸ்டியரிங் கையை மீறித் திரும்பிக் கார் சுவரில் மோதியது. முன்பக்கம் நொறுங்கியதில் எந்தப் பாகம் முதலில் போனது என்று பார்க்கவே முடியவில்லை. வாரன்டி 90 நாள் அல்லது 4000 மைல். அதன் நிபந்தனையைப் படித்தால் சிரிப்பு வரும். கெட்டுப்போன பாகத்தை வாங்கியவர் தன் செலவில் ஃபேக்டரிக்கு அனுப்பவேண்டும். கம்பெனி அதைச் சோதித்து, தனக்குத் திருப்தி ஏற்படும்படி குறை இருந்தால், மாற்றித் தரும். இதே வாசகத்தைத்தான் அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லாரும் வைத்திருந்தார்கள், வேறு கடைக்குப் போகவும் வழியில்லை. 1960-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ஹென்னிங்சன் எதிர் புளூம்ஃபீல்டு மோட்டார்ஸ் தீர்ப்பில் இந்த வாரன்டியின் பொறுப்புத் துறப்பை ஏற்க மறுத்தது. சட்டம் படிப்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் பேரம் பேசும் பலம் சமமாக இல்லாத ஒப்பந்தம் என்ற கோணத்தில் படிப்பார்கள். ரொனால்டு டுவொர்கின் சட்டத்தில் விதிகளுக்கு அப்பால் கொள்கைகளும் இருக்கின்றன என்று வாதிட இதை எடுத்துக்கொண்டார். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தத் 'தனக்குத் திருப்தி'. சோதிப்பவர், தீர்ப்புச் சொல்பவர், பணம் கொடுக்கவேண்டியவர் மூன்று பேரும் ஒருவரே. இன்றைக்கு நம் ஊர் வாரன்டி புத்தகங்களைத் திறந்தாலும், குறை பற்றிய கம்பெனியின் முடிவே இறுதியானது என்ற பொருளில் ஒரு வரி பல இடங்களில் கண்ணில் படும். எழுபது வருடத்தில் ஸ்டியரிங் எவ்வளவோ மாறிவிட்டது. அந்த வரி மாறவில்லை.

இனி கிளட்ச். வாரன்டியில் கிளட்ச் பிளேட் பெரும்பாலும் தேய்மானப் பொருள், பிரேக் ஷூவோடு சேர்த்து வெளியே தள்ளப்பட்டிருக்கும். கருகிப்போய் வந்தால் கவுன்டரில் ஒரே பதில்: ஓட்டும் பழக்கம் சரியில்லை. இதையும் அமெரிக்காவில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேனுவல் கியர் உள்ள ஜீப் ராங்லர், கிளாடியேட்டர் வண்டிகளை அந்தக் கம்பெனி 2020, 2021, 2023 என்று மூன்று முறை கிளட்ச்சுக்காகத் திரும்ப அழைத்தது. உராய்வுச் சூட்டில் பிரஷர் பிளேட் வெடித்து உடையலாம், தீப்பிடிக்கவும் வாய்ப்பு என்பது காரணம். 2023-ல் மட்டும் சுமார் 70,000 வண்டிகள். பாறை மேல் அங்குலம் அங்குலமாக ஏறும்போது கிளட்ச் வழுக்காமல் இருக்காது, வழுக்கினால் சூடு வராமல் இருக்காது. அதே சூடுதான். ஓட்டுபவனின் பணம் மட்டும் கருகும்வரை அது பழக்கதோஷம், தீப்பிடிக்கும் என்று தெரிந்ததும் அது வண்டியின் குறை. பாதுகாப்புச் சட்டம் கம்பெனியைக் கேள்வி கேட்கும், வாரன்டி வாடிக்கையாளரைக் கேள்வி கேட்கும். இயற்பியல் இரண்டிலும் ஒன்றுதான். இதற்குக் கண்டுபிடித்த ஒரு தீர்வு எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது: கிளட்ச் சூடு ஏறினால் இன்ஜினின் டார்க்கைக் குறைக்கும் ஒரு சாஃப்ட்வேர். அப்படியென்றால் கிளட்ச் எவ்வளவு சூடாகிறது என்று அந்த வண்டிக்கே தெரியும், இல்லையா? அந்த எண்ணை ஓட்டுபவரும் எடுத்துப் பார்க்கும்படி வைத்தால் 'பழக்கம் சரியில்லை' என்ற வாதத்தில் பாதி அன்றைக்கே தீர்ந்துவிடும்.

'பழக்கம் சரியில்லை' என்பதற்கு ஒரு கோர்ட் விலையே போட்டிருக்கிறது. வண்டி ஆஃப்ரோடு இல்லை, ஆனால் விஷயம் கிளட்ச்தான். ஃபோர்டு ஆஸ்திரேலியா ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களில் பவர்ஷிஃப்ட் என்ற டபுள் கிளட்ச் கியர்பாக்ஸைப் போட்டு விற்றது. வண்டி குலுங்குகிறது என்று வந்தவர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம் அப்படி என்று சொல்லி அனுப்பியது. கியர்பாக்ஸில் பிரச்சினை இருப்பது கம்பெனிக்குத் தெரிந்திருந்தும் இப்படிச் செய்தது என்பதுதான் வழக்கு. நுகர்வோர் ஆணையம் கோர்ட்டுக்குப் போனது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது, கம்பெனியும் ஒப்புக்கொண்டது. கவனிக்க: கியர்பாக்ஸ் கெட்டதற்கு அல்ல இந்த அபராதம். புகாரோடு வந்தவர்களை நடத்திய விதத்துக்கு.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நான் நன்றாகவே எழுதப்பட்ட சட்டம் என்று நினைப்பவன். தயாரிப்புப் பொறுப்பு என்று ஓர் அத்தியாயமே அதில் புதிதாக உண்டு. அதைப் படித்து, இனி கிரவுன் உடைந்தால் கம்பெனிதான் பதில் சொல்லவேண்டும் என்று நம்பி உள்ளே போனால், 'தீங்கு' என்பதன் வரையறையில், பிரிவு 2(22)-ல், கதவு மூடுகிறது. பொருளுக்கே ஏற்படும் சேதமும், வாரன்டி மீறலால் வரும் சொத்துச் சேதமும் தீங்கில் சேராது. ஆக்சில் உடைந்து நீங்கள் பள்ளத்தில் விழுந்தால் அந்த அத்தியாயம் உங்களுக்கு. ஆக்சில் மட்டும் உடைந்தால் பழையபடி 'பொருளில் குறைபாடு' என்ற வழியில்தான் போகவேண்டும்.

அந்த வழியில் போனால் பிரிவு 38(2)(சி) வரும். சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாதென்றால், ஆணையம் புகார்தாரரிடமிருந்து பொருளின் மாதிரியைப் பெற்று, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும், 45 நாளில் அறிக்கை வரவேண்டும். 1986 சட்டத்திலும் இதே வாசகம்தான். எழுதியவர்கள் மனதில் நெய் டின்னோ சிமென்ட் மூட்டையோ இருந்திருக்கவேண்டும். நெய்யில் மாதிரி எடுக்கலாம், டிஃபரென்ஷியலில் எதை மாதிரி எடுப்பது? அதைவிடப் பெரிய கோளாறு, 'புகார்தாரரிடமிருந்து' என்ற சொல். உடைந்த பாகம் புகார்தாரரிடம் இல்லையே! எதிர்க்கட்சியின் வொர்க்‌ஷாப்பில், கழுவித் துடைத்து, டிரேயில் இருக்கிறது. உற்பத்திக் குறை என்று சொன்னால் நிபுணர் அறிக்கை எங்கே என்று கேட்பது வழக்கம். நிபுணருக்குக் காட்ட எதுவும் மிஞ்சாதபடி நடைமுறை அமைந்திருக்கிறது. ஜெயித்தாலும் கிடைப்பதற்கு வரம்பு உண்டு. 2006-ல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரன்டி சொல்வது பாகத்தை மாற்றித் தருவதைத்தான், முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்ற நிலையை எடுத்தது.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 35 இன்ச் டயரைப் போட்டு, லிஃப்ட் கிட் போட்டு, ஷாஃப்டின் கோணத்தையே மாற்றிவிட்டு, கிராஸ் ஜாயின்ட் போச்சு என்று வந்து நிற்பவர்கள் ஏராளம். டயர் பெரிதானால் சக்கரத்தைச் சுழற்ற ஆக்சில் அதிக முறுக்கைத் தாங்கவேண்டும், இது பள்ளிக்கூட நெம்புகோல் கணக்கு. ஹைவேயில் இருநூறு கிலோமீட்டர் ஃபோர் ஹை-யில் ஓட்டிவிட்டு "சும்மா பிடிமானத்துக்கு" என்பவரை நானே பார்த்திருக்கிறேன். சர்வீஸுக்கு விடும் முந்தின நாள் ராத்திரி வண்டிக்கு அடியில் பிரஷர் வாட்டர் அடித்து, ரீல்களை அழித்துவிட்டுப் போகும் கூட்டமும் உண்டு. சாட்சியை அழிப்பதில் இரண்டு தரப்பும் போட்டிதான். இதற்கு நியாயமான ஒரு கோடு 1975-லேயே அமெரிக்காவின் மேக்னசன்-மாஸ் சட்டத்தில் கிழிக்கப்பட்டது. வேறு கம்பெனியின் பாகத்தைப் போட்டதாலேயே வாரன்டி முழுக்கப் போய்விடாது. அந்தப் பாகத்தால்தான் இந்தச் சேதம் என்று காட்டினால் அந்தச் சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம். செம்மண் ஒட்டியிருந்தது என்ற வாதத்தை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள், எடையே இருக்காது.

என்னிடம் யாராவது அந்த வாரன்டி புத்தகத்தை எடிட் செய்யக் கொடுத்தால் பெரிதாக எதையும் மாற்றமாட்டேன். 'தவறான பயன்பாடு' என்ற இடத்தில், 'மேனுவலில் செய்யக்கூடாது என்று குறிப்பிட்டிருக்கும் பயன்பாடு' என்று எழுதுவேன். மேனுவல் எழுதியவரும் வாரன்டி எழுதியவரும் அப்போதாவது சந்தித்துக்கொள்வார்கள். மறுப்பதாக இருந்தால், பிரிக்கும்போதே எடுத்த முறிவு முகத்தின் படம், வடித்த ஆயிலில் கால் லிட்டர், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த எண்கள் மூன்றையும் எழுத்து மூலமான காரணத்தோடு வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பேன். 'கம்பெனியின் முடிவே இறுதியானது' என்பதை அடித்துவிடுவேன்.

நண்பர் விஷயத்தில், மூன்று வாரம் மெயில் போய் வந்த பிறகு 'நல்லெண்ண அடிப்படையில்' பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். நல்லெண்ணம் என்று எழுதினால் குறையை ஒத்துக்கொண்டதாக ஆகாது, அந்த வார்த்தைத் தேர்வையும் கவனிக்கலாம். வாரன்டியில் மாற்றிய பாகம் கம்பெனிக்குச் சொந்தம் என்று பொதுவாகப் புத்தகத்தில் இருக்கும். ஆனால் காசு கொடுத்து மாற்றினால் பழைய பாகம் நம்முடையது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இவர் பாதிதான் கொடுத்தார். அப்படியானால் அந்தக் கிரவுன் யாருக்குச் சொந்தம் என்று மெயிலில் கேட்டிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.